அடுக்களைக்குள் வந்த தோல்பட்டை

மதினி, நேற்றுச் சாயங்காலம் கார்த்திகை மழை வலுத்தபோது ஒரு ஜட்கா வண்டிக்காரர் நம் கடை வாசலில் வந்து ஒதுங்கினார். குதிரையின் வார்களை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். நனைந்த தோலும் அதில் பூசிய விளக்கெண்ணெயும் சேர்ந்து ஒரு வீச்சம் உள்ளே அடித்தது. இட்லி வாங்க நின்ற ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சீ, இந்த ஆள அங்கன தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றாள். வீச்சத்தை என்னால் பொறுக்க முடிந்தது. அவள் முகத்தைச் சுளித்த விதத்தைப் பார்த்துத்தான் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வண்டிக்காரரை உள்ளே கூப்பிட்டுப் பெஞ்சில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். அம்மாள் வெறுங்கையோடு போனாள். போகட்டும்.

இன்று காலை வியாபாரம் ஓய்ந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் வருஷம் திரும்பப் போகிறது. இதை எந்த ஊருக்கு அனுப்புவது? நெஞ்சில் கிடப்பதை எங்காவது இறக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் நான் திரும்பி வந்தபோது அண்ணன் உங்களோடு குற்றாலத்தில் குடியேறிச் சாப்பாட்டுக் கிளப் ஆரம்பித்திருந்தார். பெரிய அருவிக்குப் போகிற பாதையில் ஓலைச் சார்ப்பு இறக்கிய வீடு. முன்பக்கம் சாப்பாட்டுக் கூடம், பின்பக்கம் அடுக்களை. வாசலில் 'சுத்த சைவம், வீட்டுச் சமையல்' என்று பலகை. பலகையில் இருந்த வீட்டுச் சமையல் என்பது நீங்கள்தான். உங்களைத் தவிர அங்கே சமைக்க யாரும் இல்லை. பரிமாற ஒரு ஆள், எச்சில் இலை எடுக்க நான், கல்லாவில் அண்ணன்.

சீசன் என்று ஊரே கொண்டாடும் அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வாயில் எச்சில் ஊறி ஓங்கரிக்கும். உடம்பெல்லாம் எண்ணெயைப் பூசிக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் போகிற வழியில் நம் சுவரில் கையைத் துடைத்துவிட்டுப் போவார்கள். குளித்து வந்தவர்கள் பசி தாங்காமல் அள்ளி அள்ளித் தின்பார்கள், இலை ஓரத்திலேயே காறுவார்கள், பக்கத்து இலைக்காரர் மேல் ஏப்பம் விடுவார்கள். தின்று முடித்த முகங்களில் ஒரு மினுமினுப்பு. அந்த மினுமினுப்பை நீங்கள் பார்த்ததில்லை, மதினி. நீங்கள் நின்ற இடம் புகைக்குள் இருந்தது. ஈர விறகு, ஈரத் தரை, ஈரச் சேலை. விடியுமுன்னே அடுப்பின் முன் போய் நின்றால் விளக்கு வைக்கும்வரை நிற்பீர்கள்.

இடது கால்தான் உங்களை வதைத்தது. காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குவது போல இருக்கும் என்பீர்கள். மத்தியானத்துக்குள் கணுக்காலின் உள்பக்கம் வீங்கிப் பளபளக்கும். சாம்பாரை இறக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, இறக்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பீர்கள். ஒருநாள் அப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்:

"சும்மா நிக்கதுக்கு என்னளா வலி? மலை ஏறுதியா, மூட்டை தூக்குதியா?"

நீங்கள் கரண்டியைச் சட்டியில் கொஞ்சம் பலமாக வைத்தீர்கள்.

அப்புறம் ஒரு வைத்தியரைக் கூட்டிவந்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கத்து ஆள் என்று ஞாபகம். முதலில் அட்டை விட்டார். கறுத்துத் தடித்த அந்தப் பூச்சிகள் உங்கள் குதிகாலில் தொங்கி ஊதுவதை அவர் வெற்றிலையை மென்றுகொண்டே ரசித்துப் பார்த்தார். அட்டையில் கேட்கவில்லை என்றதும் என்னத்தையோ அரைத்து அப்பி, அவிழ்க்கவே கூடாது என்று துணியால் இறுகக் கட்டிவிட்டுப் போனார். நாலாம் நாள் நாம் அவிழ்த்தபோது செத்த எலி நாற்றம். தோல் வெளுத்து, ஊறி, துணியோடு உரிந்து வந்தது. உள்ளே வெள்ளையாக நெளிந்ததை நான் தென்னங்குச்சியால் எடுத்தேன். நீங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஏட்டி, சோறு வடிக்க நேரமாச்சு, சீக்கிரம்" என்றீர்கள். வைத்தியரிடம் கேட்டதற்கு, கெட்ட நீர் வெளியேறுகிறது என்றார். அன்றைக்கும் கூடத்தில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

டாக்டரம்மா வந்தது அடுத்த சீசனில். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்து ஊர் ஒன்றில் ஆஸ்பத்திரி வேலை, சாரலுக்காக வந்து தங்கியிருந்தார். கூடத்தில் உட்காரப் பிடிக்காமல் கொல்லைப்புறமாக வந்து சாப்பாடு வாங்கிப் போவார். ஒருநாள் ஈரத் தரையில் உங்கள் பாதம் பதிந்திருப்பதைக் குனிந்து பார்த்தார். என் பாதத் தடத்தில் நடுவில் ஒரு வளைவு விழும். உங்கள் இடது தடத்தில் வளைவே இல்லை. தோசை மாதிரி நிறைந்து கிடந்தது.

"எத்தற நாளாயி இந்த வேதன?" என்று கேட்டார்.

"கெடக்கு பல வருசமா" என்றீர்கள்.

அரிசிமூட்டை மேல் உங்களை உட்காரவைத்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். நீங்கள் பதறிப்போய் இழுத்தீர்கள், அவர் விடவில்லை. உள்ளங்காலைத் தாங்கும் வளைவு இடிந்துபோயிருக்கிறது, கணுக்கால் உள்ளே சாய்ந்துவிட்டது, மருந்து போட்டு அதை நிமிர்த்த முடியாது, கீழே முட்டுக்கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்று சொன்னார். சரிந்த சுவருக்கு முட்டுக்கொடுப்பதைப் போல. ஒரு தாளில் படம் போட்டுத் தந்தார். உள்ளங்காலுக்கு அடியில் ஒரு தோல் மெத்தை, அதிலிருந்து கணுக்காலின் உள்பக்கமாக மேலேறும் மெல்லிய இரும்புப் பட்டை, கெண்டைக்காலைச் சுற்றி ஒரு வார், அதை இறுக்கிக் கட்டக் கயிறுகள். நாம் அதற்குக் கால்பட்டை என்று பேர் வைத்துக்கொண்டோம்.

தென்காசியில் குதிரை வண்டிக்கு வார் தைக்கிறவரிடம் போனோம். அவர் உங்கள் காலைத் தொட்டு அளவெடுக்கத் தயங்கினார். வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அவள் ஓலைக் கீற்றால் அளந்து நகத்தால் குறி போட்டாள். முதலில் தைத்தது சதையைக் கடித்துக் கொப்புளம் போட்டது. நீங்கள் விடாமல் மறுபடி போனீர்கள். பழைய கம்பளித் துண்டை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

அதைக் கட்டிக்கொண்டு நீங்கள் சமைத்த முதல் நாளை நான் மறக்க முடியுமா? மத்தியானம் சாம்பாரை இறக்கினீர்கள், ரசம் கூட்டினீர்கள், அப்பளம் பொரித்தீர்கள், சுவரைப் பிடிக்கவே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைப் பார்த்து, "ஏட்டி, காலுன்னு ஒண்ணு இருக்கதே மறந்துபோச்சு" என்றீர்கள். நோவு தீர்ந்துவிடவில்லை. கழற்றினால் குத்தும். ஆனால் கட்டியிருக்கிறவரை நீங்கள் மனுஷி மாதிரி நின்றீர்கள். சாரல் ஈரத்தில் அந்தத் தோல் நாறும், ஓரத்தில் பச்சையாகப் பூசணம் பூக்கும். நாம் அடுப்பங்கரையில் காயவைத்து விளக்கெண்ணெய் தடவுவோம்.

அதை நீங்கள் ஒளிக்கவில்லை. அண்ணன்தான் பார்க்கவில்லை. உங்கள் காலை அவர் என்றைக்குப் பார்த்தார்?

பார்த்தது சிரஸ்தார். ஞாபகம் இருக்கிறதா? தாலுகா கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சீசன் முழுக்க நம்மிடம்தான் சாப்பாடு. அவர் சாப்பிடும் அழகை நான் சொல்ல வேண்டும், உங்களுக்குத் தெரியாது. முருங்கைக்காய்ச் சக்கையை மென்று மென்று இலைக்கு வெளியே குவிப்பார். கடைசியில் பல்செட்டைக் கழற்றி, குடிக்க வைத்த தம்ளர் தண்ணீருக்குள் போட்டு அலசி, மறுபடி மாட்டிக்கொள்வார். அந்தத் தம்ளரை நான்தான் கழுவ வேண்டும். பருக்கை மிதக்கும். புளி போட்டு, சாம்பல் போட்டு, எத்தனை தேய்த்தாலும் என் விரலை விட்டு அந்தக் கொழகொழப்பு போகாது.

பரிமாறும் ஆள் காய்ச்சலில் படுத்த அன்று நீங்களே சோற்றுச் சட்டியோடு கூடத்துக்கு வந்தீர்கள். வாசல்படியைத் தாண்டும்போது இரும்பு கல்லில் இடித்து டக்கென்றது. சிரஸ்தார் குனிந்து பார்த்தார்.

"அது என்னதும்மா காலுல?"

"தோலுய்யா. கால் நோவுக்கு டாக்டரம்மா போடச் சொன்னது."

மென்றுகொண்டிருந்ததை அப்படியே இலையில் துப்பினார். எழுந்து நின்று, "அண்ணாச்சி! சைவம்னு பலகை போட்டுக்கிட்டு மாட்டுத் தோலோடயா சோறு போடுதிய?" என்று கூவினார். வரிசையாக இலைகளுக்கு முன்னால் இருந்த எல்லா முகமும் சுளித்தது. எண்ணெய்க் கையைச் சுவரில் தேய்த்த முகங்கள்தான், மதினி.

அண்ணன் உங்களைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏளா, எத்தன நாளா நடக்கு இது?"

"மழை தொடங்குனதுலருந்து. நீங்களும் அந்தச் சோத்ததான் திங்கீய. ஒண்ணும் ஆகலல்லா?"

"மாட்டுத் தோலு! அடுக்களைக்குள்ள!"

"உங்க இடுப்புல கெடக்கது என்னதாம்?"

அண்ணன் குனிந்து பார்த்தார். வேட்டி மேல் அகலமாக, பை வைத்த தோல் பெல்ட். கல்லாவில் இருந்து கூடத்துக்கும் கூடத்தில் இருந்து அடுக்களைக்கும் அது தினமும் வந்து போனது. சட்டென்று காய் நறுக்கும் கத்தியை எடுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. உங்களைக் கல்லில் உட்காரத் தள்ளி, காலைப் பிடித்து, கால்பட்டையின் கயிறுகளை அறுத்தார். தாலி கட்டிய நாளிலிருந்து அவர் உங்கள் காலைத் தொட்டது அது ஒரு தடவைதான் என்று பிற்பாடு நீங்கள் சொன்னீர்கள். உருவி எடுத்ததை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய் எச்சில் குழியில் வீசினார்.

அந்தக் குழியை எழுதவே கை கூசுகிறது. சீசன் தொடங்கியதிலிருந்து சேர்ந்த இலைகள், சோறு, சக்கை, மழைத் தண்ணீர் எல்லாம் புளித்துக் கூழாகி, மேலே நுரை கட்டி, ஈ மொய்த்து இரைந்துகொண்டிருக்கும். ஓரத்தில் புழுக்கள் அரிசி போலக் கொட்டிக் கிடக்கும். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கினீர்கள். வெறுங்காலோடு. முழங்கால்வரை. நானும் இறங்கினேன். அழுகிய இலைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினோம். யாரோ மென்று துப்பியது, யாரோ காறியது, எல்லாம் விரல்களுக்கு இடையே வழுக்கிக்கொண்டு போனது. அண்ணன் மேட்டில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். "கருமம், கருமம்" என்றார். தன் பந்தியில் இருந்து வந்த கழிசடைதான் அது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

இரும்பு உங்கள் விரலில் தட்டியது. தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். கையிலிருந்து வழிந்தது.

ஓடைக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் கழுவினோம், அதை முதலில், அப்புறம் நம்மை. அறுந்த கயிற்றுக்குப் பதில் வாழைநாரை முறுக்கிக் கட்டிக்கொண்டீர்கள். கொல்லைக்குத் திரும்பியபோது அடுக்களையில் உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வாட்டி, ஐந்தருவிக்குப் போவோம்."

"மதினி, உலை..."

"கொதிக்கட்டும்."

அத்தனை சீசன் குற்றாலத்தில் இருந்தும் ஐந்தருவியை நீங்கள் பார்த்ததில்லை என்று நடக்கும்போதுதான் சொன்னீர்கள். குளிக்கப் போகிறவர்களுக்கும் குளித்து வந்தவர்களுக்கும் சமைத்ததோடு சரி. பாதை நெடுக நான் உங்கள் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வாழைநார் கட்டு நழுவும், நின்று இறுக்கிக்கொள்வீர்கள், நடப்பீர்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் போனதும் கால்பட்டையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினீர்கள். ஒரு குரங்கு வந்து அதை எடுத்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக் கீழே போட்டுவிட்டு ஓடியது. "இதுக்கும் ஆசாரமா!" என்று நீங்கள் சிரித்த சிரிப்பில் சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் தண்ணீருக்கு அடியில் போய் நின்றீர்கள். வெகுநேரம் வரவில்லை.

திரும்பி வந்தபோது கடையில் தீய்ந்த சோற்று வாடை. கூடம் காலி. அண்ணன் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தார். குரல் இறங்கியிருந்தது.

"இந்தா பாரு, நான் யோசிச்சேன். காலு நோவுதுன்னா போட்டுக்க, வேண்டாங்கல. மேல துணியச் சுத்தி மறச்சுக்க. கூடத்துப் பக்கம் வராத. சிரஸ்தார்ட்ட தூக்கிப் போட்டாச்சுன்னு சொல்லிருதேன்."

மதினி, அவர் கத்தி எடுத்தபோது எனக்குப் பயம் வந்தது. இதைச் சொன்னபோதுதான் அருவருப்பு வந்தது. குழிக்குள் நின்றபோது கூட அப்படி வரவில்லை. ஆசாரம் பெரிது என்று நம்பிக் கத்தியிருந்தால் மூடன் என்று விட்டிருப்பேன். அவருக்கு ஆசாரமும் இல்லை, உங்கள் நோவும் இல்லை. நாளைக்கு எத்தனை இலை விழும் என்பது மட்டும்தான் இருந்தது.

நீங்கள் அவரை நிதானமாகப் பார்த்தீர்கள். "அப்போ தோலு தீட்டு இல்ல. வெளிய தெரியதுதான் தீட்டு" என்றீர்கள். மறுநாள் காலை உங்கள் துணிகளை மூட்டை கட்டினீர்கள். "நீ வாறியா, இங்கனயே இருக்கியா?" என்று என்னைக் கேட்டீர்கள். நான் என் மூட்டையை ஏற்கனவே கட்டி வைத்திருந்தேன்.

தென்காசி ஸ்டேஷன் பக்கம் உங்கள் அம்மா விட்டுப்போன இந்தச் சின்ன வீடு இருந்தது. வாசலில் இட்லிக் கடை போட்டோம். பலகை எதுவும் வைக்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு, கால்பட்டை வெளியே தெரிய, தெருவைப் பார்த்து நின்று இட்லி ஊற்றினீர்கள். முதலில் ஆள் வரவில்லை. அப்புறம் ரயிலுக்கு வந்தவர்கள், புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மூட்டையோடு வந்தவர்கள், வண்டிக்காரர்கள் என்று வந்தார்கள். அண்ணன் கூலிக்கு ஆள் வைத்துச் சமைத்துப் பார்த்தார். அடுத்த சீசனோடு கிளப்பை மூடினார்.

ஒருநாள் சிரஸ்தாரே வந்து நின்றார், ரயிலுக்கு நேரம் இருந்தது போல. இட்லி கேட்டார். தின்றுகொண்டே உங்கள் காலைப் பார்த்தார். "இன்னும் அது இருக்கா?"

"இருக்கு. சட்னி வேணுமா?"

"கொஞ்சம் கெட்டியா ஊத்து."

தின்றார். மறுபடி வாங்கித் தின்றார். பல்செட்டை நம் தம்ளரில் அலசினார். நீங்கள் உள்ளே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்ளரை எடுத்துக்கொண்டுபோய்ச் சாக்கடையில் எறிந்தேன். நல்ல தம்ளர் என்று திட்டினீர்கள்.

அண்ணனும் வர ஆரம்பித்தார். வாரத்தில் ஒருநாள், கூட்டம் ஓய்ந்தபிறகு. நீங்கள் அவருக்கும் இலை போட்டீர்கள். அதற்காக உங்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். "பசின்னு வந்தா போடத்தான் செய்யணும். இங்கனயே இருங்கன்னு சொன்னேனா? இல்லல்லா" என்பீர்கள். அவர் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்பதை உங்களால் எப்படிப் பார்க்க முடிந்ததோ.

மார்கழிக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. அண்ணன் தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். "அன்னபூரணி போயிட்டாளே, என்னை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாத மகராசி" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி அழுதார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் அடுக்களைக்குள் போய் வாந்தி எடுத்தேன், மதினி. நிஜமாகவே எடுத்தேன்.

உங்களைக் குளிப்பாட்டிக் கோடிச் சேலை உடுத்தியதும் நான் கால்பட்டையை எடுத்துவந்தேன். அதற்குள் நாலைந்து மாற்றியாகிவிட்டது, இது கடைசியாகத் தைத்தது. உங்கள் காலில் வைத்துக் கட்டினேன். சேலையை அதற்கு மேல் இழுத்துவிடவில்லை. பெண்கள் விலகினார்கள். அண்ணன் பக்கத்தில் வந்து உங்கள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "அந்தக் கருமத்தக் கழத்து. கழத்தலன்னா மேல துணியாவது போடு" என்றார்.

"நீங்க கழத்துங்க. எல்லாரும் பாக்காங்க, கழத்துங்க" என்று உரக்கச் சொன்னேன்.

கூட்டம் திரும்பியது. அவர் கையை எடுத்துக்கொண்டார். வார் தைத்துக் கொடுத்தவரும் வீட்டுக்காரியும் தெருக்கோடியில் நின்றிருந்தார்கள், கிட்டே வர விடமாட்டார்கள் என்று தெரிந்து. அவர்களைத் தாண்டித்தான் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெண் தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். ஊரில் யாரும் அப்படி அழவில்லை.

போன வாரம் அண்ணன் வந்து, வரும் சீசனுக்குக் குற்றாலத்தில் மறுபடி கிளப் போடலாமா, மதினியின் கைப்பக்குவம் உனக்குத்தான் இருக்கிறது என்றார். இட்லியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காலம் போனால் மனசு ஆறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஆனால் விடியற்காலையில், அடுப்பு மூட்டுவதற்கு முன், என் கை தானாகக் கீழே போகிறது. கடைசிச் சில வருஷம் உங்களால் குனிய முடியாமல் நான்தானே கட்டிவிட்டேன். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, உங்கள் குதிகாலை உள்ளங்கையில் வாங்கி, தூக்கக் கலக்கத்தில் கயிற்றை இழுப்பேன். அந்தக் கனமும் சூடும் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கின்றன. போதுமா மதினி என்று கேட்பேன். நீங்கள் என் தலையில் கை வைத்து எழுந்து பார்ப்பீர்கள், மறுபடி உட்காருவீர்கள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குட்டி. நிக்கணும்லா."